கழகத்தின் இணையத்தளம்: புதுப்பிக்கும் முன் சில பாடங்கள்

நாணயம் சேர்ப்போர் கழகமாகட்டும், தபால்தலைக் கழகமாகட்டும், "நம் இணையத்தளத்தைப் புதுப்பிக்க வேண்டும்" என்று செயற்குழுவில் யாராவது ஒருவர் வாயெடுத்தால் பேச்சு நிறத்தில்தான் தொடங்கும். ஒருவர் நீலம் என்பார். மற்றொருவர் மஞ்சள்தான் மங்களகரம் என்பார். முகப்பில் தலைவர், செயலாளர் படங்கள் வரவேண்டும் என்பார் மூன்றாமவர். (அவர் பெரும்பாலும் செயலாளராக இருப்பார்.) இரண்டு மணி நேரம் இப்படிக் கழியும். தளத்துக்கு யார் வருகிறார்கள், எதைத் தேடி வருகிறார்கள், அதில் இப்போது இருப்பது என்ன என்னும் கேள்விகள் காபி வந்து போன பிறகும் எழுவதில்லை.

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நாணய ஆர்வலர் சிலர் சேர்ந்து நடத்தும் சிறிய கழகம் ஒன்றில் நான் உறுப்பினன். இரண்டு ஊர்களுக்கும் இடையே எழுபது கிலோமீட்டர் அளவு தூரம். ஆகவே ஒரு மாதம் அங்கே, ஒரு மாதம் இங்கே என்று கூடுகிறோம். கூட்டத்தில் தெலுங்கும் தமிழும் கலந்தே புழங்கும். வியாபாரிகள் வந்துவிட்டால் உருதுவும் சேர்ந்துகொள்ளும். கழகத்தின் தளத்தைத் திருத்தி அமைக்கும் பொறுப்பில் கடந்த ஓராண்டாக நானும் ஒருவன். கணினித் துறையைச் சேர்ந்தவன் அல்லன். வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன். நம் சங்கத்து அன்பர்களில் பலர் இதுபோன்ற கழகங்களில் இருக்கிறார்கள், சிலர் அவற்றின் தளங்களையும் கவனித்து வருகிறார்கள் என்பதால், நாங்கள் கற்றவற்றைப் பாடமாக இங்கே எழுதுகிறேன்.

வாசலில் நிற்பவர் யார்?

நிறத்தைப் பற்றிய வாக்குவாதத்தை ஒத்திவைத்துவிட்டு, கழகத்துக்கு இரண்டாண்டுகளில் வந்த மின்னஞ்சல்களையெல்லாம் அச்செடுத்து மேசைமேல் பரப்பினோம். வகை பிரித்துக் கட்டுக் கட்டாக அடுக்கியபோது ஒரு கட்டு மட்டும் மற்றவற்றையெல்லாம் சேர்த்தாலும் மிஞ்சும் உயரத்தில் நின்றது. உறுப்பினராகச் சேர விரும்பிக் கேட்டவர்களின் கட்டு அன்று அது. கூட்டம் எப்போது என்று கேட்டவர்களின் கட்டும் அன்று. "ஐயா, என்னிடம் டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டு இருக்கிறது, எத்தனை லட்சம் கிடைக்கும்?" என்று கேட்டவர்களின் கட்டு. டிராக்டர் இல்லையென்றால் மாதா வைஷ்ணோ தேவி உருவம் பொறித்த 2012-ஆம் ஆண்டு நாணயம். அதுவும் இல்லையென்றால் 786 என்று முடியும் வரிசை எண்.

இவர்கள் யாரும் நாணயம் சேர்ப்பவர்கள் அல்லர். கைப்பேசியில் ஏதோ ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு, வீட்டுப் பெட்டியைக் குடைந்து எடுத்த நோட்டோடு நம் வாசலில் வந்து நிற்பவர்கள். இவர்களைக் கண்டு எங்கள் உறுப்பினர் சிலர் சலித்துக்கொள்வதுண்டு. ஆனால் நகரியில் விசைத்தறி ஓட்டும் ஒருவரிடமிருந்து வந்த தொலைபேசி அழைப்பு அந்தச் சலிப்பை நிறுத்திவிட்டது. "பதிவுக் கட்டணம் கட்டியாச்சு, வரிப் பணமும் கட்டியாச்சு. மீதி எப்பங்க வரும்?" என்று அவர் கேட்டார். யாரோ ஒருவன் அவருடைய பழைய நோட்டைப் பெருந்தொகைக்கு வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, முன்பணமாகப் பல தவணைகள் கறந்திருக்கிறான். நம்பிக்கை ஊட்டுவதற்காக அவன் அனுப்பிய நாணயப் படங்கள் எங்கள் தளத்தில் உள்ளவை. அவன் சொல்லிக்கொண்ட பெயர் எங்கள் பொறுப்பாளர் பட்டியலில் உள்ள பெயர். தறிக்காரர் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் எங்களை அழைத்திருக்கிறார். போன பணம் திரும்பவில்லை.

இந்திய ரிசர்வ் வங்கி 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் நாள் இதைப் பற்றியே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. பழைய நோட்டு, நாணயம் வாங்கி விற்கும் எந்த வேலையிலும் வங்கி ஈடுபடுவதில்லை. அதற்காக எவ்விதக் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை. தன் சார்பில் கட்டணம் வாங்க எந்த நிறுவனத்துக்கும் தனிநபருக்கும் அதிகாரம் கொடுத்ததும் இல்லை என்று அதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இந்தச் செய்தி ஆங்கிலம் படிப்பவர்களுக்கு எட்டியது. நகரித் தறிக்கூடத்துக்கு எட்டவில்லை. தெலுங்கிலும் தமிழிலும் அதைச் சொல்லிக்கொண்டு, தேடுபவர் கண்ணில் முதலில் படும் ஒரு பக்கம் வேண்டும். அதை எழுத நாணயக் கழகத்தைவிடப் பொருத்தமானவர் யார்?

ஆகவே முகப்புப் பக்கத்தில் தலைவர் படத்துக்குப் பதிலாக, "உங்கள் கையில் பழைய காசு இருக்கிறதா?" என்ற கேள்வி பெரிய எழுத்தில் மூன்று மொழிகளிலும் வந்தது. அதை அழுத்தினால் வரும் பக்கம் ஒன்றரைத் தாள் அளவுதான். முதல் பத்தியில், நாங்கள் வாங்குவதில்லை, விற்பதில்லை, யாரிடமும் பணம் கேட்பதில்லை என்ற அறிவிப்பு. அடுத்து ரிசர்வ் வங்கி எச்சரிக்கையின் சாரம். அதன் பிறகே நாணயவியல்.

நாணயவியல் பகுதியையும் வந்தவர் கையிலுள்ள காசிலிருந்தே தொடங்கினோம். காசில் பொறித்த ஆண்டுக்குக் கீழே பாருங்கள்: ஐந்துமுனை நட்சத்திரம் இருந்தால் அது ஹைதராபாத் நாணயச்சாலையில் அடித்தது, சாய்சதுரம் இருந்தால் மும்பை, ஒரு சிறு புள்ளி இருந்தால் நொய்டா, குறியே இல்லையென்றால் கொல்கத்தா. பத்து நிமிடம் தம் வீட்டுச் சில்லறையைப் புரட்டிப் பார்த்தவர் லட்சக்கணக்கு ஆசையை மறந்துவிட்டு, "என்னிடம் நட்சத்திரம் ஆறு இருக்கிறது" என்று எழுதுகிறார். அப்படி எழுதியவர்களில் சிலர் இப்போது எங்கள் கூட்டத்துக்கு வருகிறார்கள். காசின் மதிப்பு வயதைப் பொறுத்தது மட்டும் அன்று; எத்தனை அடித்தார்கள், எத்தனை மிஞ்சின, எந்த நிலையில் மிஞ்சின என்பதைப் பொறுத்தது என்றும் அதில் விளக்கியிருக்கிறோம். புளி போட்டுத் தேய்க்காதீர்கள் என்ற வரியைத் தடித்த எழுத்தில் போட்டோம். பித்தளைக் குத்துவிளக்குக்கு நல்லது செய்யும் புளி, முந்நூறாண்டுச் செம்புக் காசின் மேற்பரப்பைக் கரைத்து, சேர்ப்பவர் தேடும் தோற்றத்தையே கொண்டுபோய்விடும்.

இரண்டு சட்டங்களையும் அங்கேயே சொல்லிவைத்தோம். மண்ணுக்கடியில் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம். நூறாண்டுக்குக் குறையாத பழமையுள்ள நாணயம் தொல்பொருள் ஆகும், தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது என்கிறது 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம். வெளிநாட்டில் வாழும் நம் அன்பர்கள் ஊருக்கு வந்து திரும்பும்போது தாத்தாவின் காசுப் பையைப் பெட்டியில் வைத்துக் கட்டுமுன் இந்த இரண்டாவதை நினைவில் கொள்வது நல்லது.

பழைய கல்வெட்டும் பழைய பக்கமும்

இனி, தளத்தில் ஏற்கெனவே இருப்பதைப் பற்றி. திருமலைக் கோயில் சுவர்களில் உள்ள கல்வெட்டுகள் பெரும்பாலும் தமிழில் உள்ளவை என்பதைத் தமிழ்நாட்டுக்கு அப்பால் வாழும் நாம் அவ்வப்போது பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். சாது சுப்பிரமணிய சாஸ்திரி போன்றோரின் உழைப்பால் தேவஸ்தானம் அவற்றை 1930-களில் தொகுதி தொகுதியாக வெளியிட்டது. அவற்றில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில், வீர நரசிங்க தேவ யாதவராயர் காலத்தில், கோயிலைப் புதுப்பித்துக் கட்டினார்கள். அப்போது பழைய சுவரில் இருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவரில் மீண்டும் வெட்டி வைத்தார்கள். பல்லவ அரசி சாமவை வெள்ளித் திருமேனி அளித்து நிலம் விட்ட செய்தி நமக்குக் கிடைப்பது அவ்வாறு மீண்டும் வெட்டப்பட்டதால்தான். சுவரைக் கட்டியவர்களுக்குப் புதுச் சுவர் அழகாக இருந்தால் போதும் என்று தோன்றியிருந்தால் சாமவையின் பெயர் நமக்கு இவ்வாறு வந்து சேர்ந்திராது.

இணையத்தளத்தைப் புதுப்பிப்பவர்களில் பலர் பழைய சுவரை இடித்துக் கல்லை அகழியில் கொட்டுகிறார்கள். "பழையதெல்லாம் வேண்டாம் சார், புதிதாகவே எழுதிக்கொள்ளலாம்" என்பது தளம் அமைத்துத் தருவோர் வழக்கமாகச் சொல்லும் யோசனை. அவர்களுக்கு அது வேலை குறைவு. கழகத்துக்கோ இருபதாண்டுக் கூட்டக் குறிப்புகளும், மறைந்துபோன உறுப்பினர் எழுதிய கட்டுரைகளும் அதோடு போய்விடும்.

எங்கள் பழைய பக்கங்களில் தமிழ்ப் பகுதி டிஸ்கி முறையில் இருந்தது. இளைய வாசகர்களுக்காக இதைச் சற்று விளக்க வேண்டும். கணினி எழுத்தை எண்ணாகத்தான் வைத்துக்கொள்ளும். எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதில் 1990-களில் ஆளுக்கொரு முறை இருந்தது. ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்தது. அதை இறக்கிக்கொள்ளாதவர் திரையில் தமிழுக்குப் பதிலாக ஐரோப்பிய எழுத்துகளின் குப்பைதான் தெரியும். பல நாடுகளில் இருந்த தமிழ் அன்பர்கள் மின்னஞ்சல் வழியே விவாதித்து வகுத்த பொதுமுறை டிஸ்கி. 1999-ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு டாப், டாம் என்னும் முறைகளை ஏற்றது. இவையெல்லாம் வழக்கில் இருக்கும்போதே, 1991-இல் வெளியான யூனிகோடு முறையில் தமிழுக்கும் தெலுங்குக்கும் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. ஆனால் அதைக் காட்டும் கணினி வீட்டுக்கு வர நாளாயிற்று. விண்டோஸ் 2000-இல் தமிழ் வந்தது. தெலுங்கு விண்டோஸ் எக்ஸ்பி வந்த 2001-இல்தான் வந்தது. எங்கள் கழகத்தில் தமிழ்க் கட்டுரைகள் எழுத்தாகவும், தெலுங்குக் கட்டுரைகள் பல வெறும் படங்களாகவும் இருப்பதற்கு இந்தச் சில ஆண்டு இடைவெளியும் ஒரு காரணம். தெலுங்கில் எழுதியவர்கள் தாளில் அச்சடித்து, அதைப் படமெடுத்துத் தளத்தில் ஏற்றினார்கள். படத்துக்குள் இருக்கும் சொல்லைத் தேடு பொறி காணாது. பார்வையற்றவருக்குத் திரையைப் படித்துக் காட்டும் என்விடிஏ போன்ற மென்பொருளும் அதைப் படிக்காது.

எழுத்து முறையை மாற்றிக்கொண்டு பழையதைக் காப்பாற்றுவது எப்படி என்பதற்கு நம் கண்முன் உள்ள நல்ல எடுத்துக்காட்டு மதுரைத் திட்டம். 1998-ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கியது அது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் தலைமையில், அமெரிக்காவிலிருந்து முனைவர் குமார் மல்லிகார்ஜுனன் துணை நிற்க, உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தமிழ் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து இலவசமாகக் கிடைக்கச் செய்தார்கள். தொடக்க காலத்து நூல்கள் டிஸ்கியில் இருந்தன. பின்னர் யூனிகோடு பரவியபோது அவற்றையும் யூனிகோடுக்குக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு நூலின் தலைப்பிலும் தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் ஆகியோரின் பெயர் இன்றும் இருக்கிறது. சம்பளம் வாங்காதவர்களுக்குக் கொடுக்கக்கூடிய ஒரே கூலி அந்தப் பெயர்தான். கழகத் தளங்களைப் புதுப்பிப்போர் முதலில் தூக்கி எறிவதும் அதுவாகவே இருக்கிறது.

மாற்றித் தரும் கருவிகளுக்குப் பஞ்சமில்லை. சுரதாவின் பொங்கு தமிழ் மாற்றியைப் பலர் பயன்படுத்தியிருப்பீர்கள். நாகார்ஜுன வென்னா உருவாக்கிய பத்மா என்ற கருவி தெலுங்கு, தமிழ் இரண்டின் பழைய எழுத்துருக்களையும் யூனிகோடாக்கியது. பொத்தானை அழுத்தினால் நொடியில் பக்கம் மாறிவிடும். வேலை முடிந்தது என்று அங்கேயே நிறுத்திவிடக் கூடாது. பழைய காலத்தில் தட்டச்சு செய்தவர் பலர் ரகரத்தையும் துணைக்காலையும் வேறுபடுத்தவில்லை. பல எழுத்துருக்களில் இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்ததால் தாளில் அது தெரியவில்லை. எங்கள் கட்டுரைகளில் அடிக்கடி வரும் "வராகன்" என்ற சொல்லையே பாருங்கள். ரகரமும் அதையடுத்துத் துணைக்காலும் வருகின்றன. அதை வகரம், துணைக்கால், துணைக்கால் என்று அடித்திருந்தால் படிப்பவர் கண் திருத்திக்கொள்ளும், தேடுபொறி திருத்திக்கொள்ளாது. வராகனைப் பற்றி எழுதிய பதினைந்து பக்கக் கட்டுரை, "வராகன்" என்று தேடுபவருக்குக் கிடைக்காது! ஔகார உயிர்மெய்யில் வரும் குறியும் ளகரமும் இதே பாடுதான். ஆகவே மாற்றிய ஒவ்வொரு பக்கத்தையும் ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றொருவர் திரையில் சரிபார்க்கிறோம். ஏட்டிலிருந்து பெயர்த்தெழுதிய காலத்து முறையேதான்.

வராகன் என்றதும் இன்னொன்று. எங்கள் பகுதிக்கே உரிய காசுகள் அவை. சந்திரகிரியோடு தொடர்புடைய ஆரவீட்டு அரசர் இரண்டாம் வேங்கடபதி (1586-1614) திருவாசியின் கீழ் வேங்கடேசர் நிற்பதுபோல் பொன் வராகன் அடித்தார். பின்னர் சென்னையில் ஆங்கிலேயக் கம்பெனியார் வேங்கடேசரை இரு தேவியரோடு பொறித்து அடித்தது "மூன்று சாமி" வராகன். இதே காசை ஆங்கிலம் படித்தவர் பகோடா என்பார். தெலுங்கர் வரஹா என்பார். கன்னட நாட்டார் ஹொன்னு என்பார். வடக்கத்தியார் ஹூண் என்பார். கட்டுரையில் ஒரு பெயர் மட்டும் இருந்தால் ஒரு கூட்டத்தார் மட்டுமே வந்து சேர்வார்கள். ஒவ்வொரு காசுப் பக்கத்தின் அடியிலும் "வேறு பெயர்கள்" என்று ஒரு வரி சேர்த்தோம். செலவில்லாத வேலை, பயன் பெரிது.

திருத்தணி எந்த மாவட்டம்?

தளத்தில் காசுகளை எப்படி வகைப்படுத்துவது என்று வந்தபோது, "மாவட்ட வாரியாகப் போடலாம்" என்றார் தளம் அமைத்துத் தந்த இளைஞர். எல்லா ஊரிலும் இது எளிது. எங்கள் ஊரில் எளிதன்று. சித்தூர் மாவட்டம் 1911-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் வடஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களிலிருந்து பிரித்து அமைக்கப்பட்டது. 1953-இல் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. 1960 ஏப்ரலில் எல்லைகளைத் திருத்தியபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. திருத்தணியில் கிடைத்த ஒரு காசைப் பற்றி 1905-இல் எழுதியவர் வடஆர்க்காடு என்றிருப்பார். 1935-இல் எழுதியவர் சித்தூர் என்றிருப்பார். 1975-இல் எழுதியவர் செங்கற்பட்டு என்றிருப்பார். 1997-க்குப் பின் எழுதியவர் திருவள்ளூர் என்கிறார். நான்கு பேரும் சொல்வது சரி. இது போதாதென்று 2022 ஏப்ரல் 4-ஆம் நாள் சித்தூர் மாவட்டமே மூன்றாகப் பிரிந்தது. சந்திரகிரியும் காளஹஸ்தியும் புதிய திருப்பதி மாவட்டத்துக்குப் போயின. மதனப்பள்ளி அன்னமய்யா மாவட்டத்துக்குப் போயிற்று. மாவட்டப் பெயரை வைத்துப் பெட்டி போட்டிருந்தால் அன்று காலை எங்கள் தளத்தில் பாதிக் காசுகள் தவறான பெட்டியில் இருந்திருக்கும்.

நாங்கள் கண்ட வழி இது. ஊர்ப் பெயர்தான் முதல். மூலக் குறிப்பில் எழுதியவர் எந்த மாவட்டம் என்று எழுதினாரோ அதை அப்படியே, அவர் எழுதிய ஆண்டோடு சேர்த்து வைத்துவிடுவது, திருத்துவதில்லை. இன்றைய மாவட்டம் தனிக் கட்டத்தில். நாளைக்கு எல்லை மாறினால் அந்த ஒரு கட்டத்தை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் காசு கிடைத்த வயலின் துல்லியமான இடத்தைத் தளத்தில் போடுவதில்லை. அதைப் படித்துவிட்டு மண்வெட்டியோடு இரவில் போகிறவர்கள் உண்டு.

இதே எச்சரிக்கை உறுப்பினர் வீட்டுக்கும் பொருந்தும். பழைய தளத்தில் உறுப்பினர் பட்டியல் என்று ஒரு பக்கம்: பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி, "சிறப்பு ஆர்வம்: விஜயநகரப் பொற்காசுகள்". திருடனுக்கு இதைவிட நல்ல வழிகாட்டி யாரும் எழுதித்தர முடியாது. அச்சு இதழில் நூறு பேர் கையில் மட்டும் புழங்கிய காலத்தில் இது பரவாயில்லை. அந்த இதழைத்தான் அப்படியே தளத்திலும் ஏற்றியிருந்தார்கள். நகரித் தறிக்காரரை ஏமாற்றியவனுக்குப் பெயர் கிடைத்ததும் இவ்வாறான பக்கத்தில்தான். 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருவர் விவரத்தைக் கையாள அவர் சம்மதத்தை முக்கியமாக்குகிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அதைத்தான் செய்திருக்க வேண்டும். பட்டியலை எடுத்துவிட்டோம், கழக முகவரிக்கு எழுதினால் உரியவருக்குச் சேர்ப்பிக்கிறோம். இன்னொரு நுட்பமும் உண்டு. கைப்பேசியில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை மறைவாகப் பதிந்திருக்கக்கூடும். சாப்பாட்டு மேசைமேல் வைத்து எடுத்த வராகன் படம், அந்த மேசை எந்தத் தெருவில் இருக்கிறது என்று சொல்லிவிடும். படங்களை ஏற்றுமுன் அந்தக் குறிப்பை நீக்குவதை விதியாக்கிவிட்டோம்.

முகவரியும் சாவியும்

தளத்தின் தோற்றம் மாறலாம், பக்கங்களின் முகவரி மாறக்கூடாது. வலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ 1998-இலேயே இதை வற்புறுத்தி எழுதினார். எங்கள் கட்டுரைகளைச் சுட்டிப் பிறர் எழுதியிருக்கிறார்கள். ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் எங்கள் முகவரி இருக்கிறது. புதிய தளத்தில் அந்த முகவரி "பக்கம் இல்லை" என்று சொன்னால் அந்த அடிக்குறிப்பு செத்துப்போகும். பழைய முகவரிக்கு வருபவரைப் புதிய பக்கத்துக்குத் தானாகவே கொண்டுபோய்விடும் ஏற்பாடு எல்லாத் தளங்களிலும் செய்யலாம். தளம் அமைப்பவர் தாமாகச் செய்யமாட்டார், கேட்டு வாங்க வேண்டும். வேலை தொடங்குமுன் பழைய பக்கங்கள் அனைத்தின் முகவரியையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகை வீட்டில் குடியிருந்த தளங்களின் கதி உங்களுக்கு நினைவிருக்கும். யாஹூ நிறுவனம் ஜியோசிட்டீஸ் சேவையை 2009 அக்டோபரில் மூடியபோது, இலவச இடம் என்று அங்கே குடியேறியிருந்த எண்ணற்ற பொழுதுபோக்குப் பக்கங்கள் இருந்த இடத்திலிருந்து மறைந்தன. ஃபிளாஷ் என்னும் மென்பொருளால் ஆடிப் பாடிய முகப்புகள் 2020-ஆம் ஆண்டின் முடிவோடு அடங்கின. எங்கள் தளத்திலும் காசு ஒன்று சுழன்றுகொண்டே இருக்கும். அதைப் பற்றி யாரும் வருந்தவில்லை. தொலைந்த பக்கங்களைத் தேட, அமெரிக்காவில் 1996 முதல் வலைப்பக்கங்களைப் படியெடுத்துச் சேமித்துவரும் இணைய ஆவணக் காப்பகம் பெரிய உதவி. 2001 முதல் அதைப் பொதுமக்களும் பார்க்கலாம். எங்கள் பழைய கூட்டக் குறிப்புகள் சிலவற்றை அங்கிருந்துதான் மீட்டோம். ஆனால் பெரிய படங்கள் பல அங்கே பதிவாகியிருக்கவில்லை.

தளத்தின் பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். பெரும்பாலும் பத்தாண்டுக்கு முன் ஆர்வத்தோடு தொடங்கிய ஓர் உறுப்பினரின் சொந்தப் பெயரில், அவருடைய சொந்த மின்னஞ்சலில் இருக்கும். அவர் வேலை மாறிப் போனாலோ காலமானாலோ புதுப்பிக்கும் நினைவூட்டல் யாருக்கும் வராது. கெடு கடந்ததும் வேறொருவர் அந்தப் பெயரை வாங்கிவிடலாம். உங்கள் கழகப் பெயரிலேயே லட்ச ரூபாய் டிராக்டர் நோட்டு வியாபாரம் நடத்தலாம். ஆந்திரப் பிரதேச சங்கங்கள் பதிவுச் சட்டம், 2001-இன்படி எங்கள் கழகம் பதிவானது. ஆகவே தளப் பெயரையும் கழகத்தின் பெயருக்கே மாற்றினோம். கடவுச்சொல் இரண்டு பொறுப்பாளர்களிடம் இருக்கிறது. வங்கிக் கணக்கில் இருவர் கையெழுத்து வேண்டும் என்று வைக்கத் தெரிந்த நமக்கு இது புதிய யோசனை அன்று.

தோற்றத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வருபவர் கையில் இருப்பது கைப்பேசி. பேருந்தில் வரும்போதும் பக்கம் திறக்க வேண்டும். காசின் இருபுறமும் தெளிவாக, அளவுகோல் ஒன்றோடு படம் இருக்க வேண்டும். எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். நிறம் கடைசியில் வெள்ளையாகவே முடிந்தது.

வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. தமிழ்க் கட்டுரைகளில் பாதிக்கு மேல் மெய்ப்புப் பார்த்தாயிற்று. படங்களாக இருக்கும் தெலுங்குக் கட்டுரைகளை எழுத்தாக்க, கல்லூரி மாணவர் இருவர் ஞாயிறுதோறும் வருகிறார்கள். எழுத்துணரும் மென்பொருள் தரும் வரைவில் ஒத்துகள் அடிக்கடி இடம் மாறிவிடுகின்றன. மூலத்தாள் பக்கத்தில் இல்லாமல் திருத்த முடியவில்லை. மூலத்தாள்கள் சித்தூரில் ஓர் உறுப்பினர் வீட்டுப் பரணில் மூன்று தகரப் பெட்டிகளில் உள்ளன. முதல் பெட்டியைத்தான் இதுவரை திறந்திருக்கிறோம்.